சாம்ராஜ் வண்டிக்கு ஒரு சைலன்சர்

அந்தக் கார் என் பட்டறைக்கு வந்த அன்றே மூக்காண்டி அண்ணாச்சியின் வடைத் தட்டுக்குத் தீ வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் குறி இவ்வளவு சுத்தமாக வாய்த்திருக்காது.

ராஜபாளையத்து மெக்கானிக் ஒருவர் அந்தக் காருக்குள் வேறு ஒரு எஞ்சினை மாட்டி, புகை வெளியேறும் நாலு வாயிலும் தூசி போகாமலிருக்க வேஸ்ட் நூலைத் திணித்து அனுப்பியிருந்தார். நான் ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்ட நிம்மதி எனக்குள் எப்படியோ வந்துவிட்டது. சாவியைத் திருகினேன். எஞ்சின் ஒரு தடவை இருமியது. எரிகிற நூல் பந்து ஒன்று பட்டறை வாசலைத் தாண்டிப் பறந்து, பக்கத்து டீக்கடையில், எண்ணெய் வடியக் காத்திருந்த உளுந்த வடைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது.

"ஏலே மகாராசா, அதை நான் ஏற்கனவே வேக வச்சிட்டேம்லே" என்றார் மூக்காண்டி அண்ணாச்சி, செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொண்டே.

மகாராஜன் என்பது என் பெயர். பெயருக்கும் தொழிலுக்கும் சம்பந்தம் கிடையாது. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் ஆட்டோ, வேன், டிராக்டர்களுக்குச் சைலன்சர் செய்து ஒட்டுகிறேன். ஊரில் ஓடுகிற வண்டிகளின் சத்தத்தை நான் அடக்குகிறேன். என் சத்தத்தை என் மனைவி வேல்விழி அடக்குகிறாள். அவள் வேலையில் ஒழுகல் இருந்ததே இல்லை.

தீ அணைந்தும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயே இல்லாத எஞ்சின், நாலு வாயாலும் அலறியது. காரைக் கொண்டுவந்த பெண் திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சாவியைத் திருகி நிறுத்தியதும் கண்ணைத் திறந்தாள்.

"இந்தச் சத்தம் இல்லண்ணே" என்றாள்.

அவள் பெயர் பெனிட்டா. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், இரும்புக்கடை வைத்திருந்தவர்களின் வீட்டு மருமகள். கார் அவள் கணவன் சாம்ராஜுடையது. கப்பலில் எஞ்சினியர். ஒரு லீவில் வந்தபோது கோயம்புத்தூரில் யாரிடமோ இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ஓட்டி வந்தானாம். தரையோடு தரையாகக் கிடக்கும், ரெண்டே சீட்டு. குடும்பத்தையே ஏற்ற முடியாத ஒன்றைக் கார் என்று எங்கள் ஊரில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை; தெருவில் போனால் எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு இரக்கப்படுவார்கள். அந்தப் பழைய எஞ்சினின் பிளாக் வெடித்துப்போய்விட்டது. மாற்று எஞ்சின் எங்கேயும் கிடைக்காததால், விபத்தில் நொறுங்கிய ஒரு சாதாரணக் காரின் எஞ்சினை வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

பழைய எஞ்சின் இடதுபக்கம் புகை விட்டது. புது எஞ்சின் வலதுபக்கம். வலதுபக்கம்தான் ஸ்டீயரிங் ராடு இறங்கி வருகிறது. ஆகவே பழைய குழாயில் ஒரு சாண்கூட உதவாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து திட்டம் போட்டுச் செய்ய வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. ஆனால் அவள் சொன்ன நிபந்தனைதான் விசித்திரமாக இருந்தது. வண்டி நிற்கும்போது பழைய எஞ்சின் எப்படிச் சத்தம் போட்டதோ, அப்படியே இதுவும் போட வேண்டும். வேகம், மைலேஜ், எதைப் பற்றியும் அவளுக்கு அக்கறை இல்லை. நின்ற இடத்தில் மெல்ல ஓடும் சத்தம், அது மட்டும்தான்.

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் குழாய் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டாரைவிட மோசம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சாம்ராஜ் எங்கே, வெட்டுவதற்கு முன்னால் அவரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"அவிய வெளியில இருக்காவ" என்றாள். "நீங்க வெட்டுங்கண்ணே."

சத்தத்துக்கு மாதிரியாக ஒரு வீடியோ அனுப்பினாள். வீட்டு முகப்பிலிருந்து எடுத்தது. அந்தி நேரம். கேட்டுக்கு வெளியே கார் நிற்கிறது. விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுவதால் உள்ளே இருப்பவர் தெரியவில்லை. யாரும் பேசவில்லை. எஞ்சின் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்துவதற்கு முன்பே வீடியோ முடிந்துவிடுகிறது.

இயர்போனை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் அதைக் கேட்டேன். அந்தச் சத்தத்தில் ஒரு நொண்டல் இருந்தது. மூன்று அடி சீராக விழும், நாலாவது கொஞ்சம் தயங்கி விழும். காலில் முள் தைத்தவன் நடப்பது போல. எங்கள் தொழிலில் எஞ்சினிலிருந்து இறங்கும் நாலு குழாயும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பது வேதம். அப்போதுதான் அடி சீராக விழும். இங்கே வேதத்தை மீற வேண்டும். நாலாவது குழாயை மட்டும் சுற்றிவளைத்து நீளமாகக் கொண்டுபோனால் அந்தத் தயக்கம் வரும் என்று கணக்குப் போட்டேன். வேதத்தைத் தெரியாமல் பலமுறை மீறியிருப்பதால் எனக்கு இதில் நல்ல முன்னனுபவம் உண்டு.

குழாயை வெட்டுவதற்கு முன்னால் கட்டுக்கம்பியை வளைத்து வழி பார்ப்பது என் வழக்கம். ஸ்டீயரிங் ராடைத் தொடாமல், பெட்ரோல் லைனைச் சுடாமல், அடியில் வேகத்தடை இடிக்காமல் ஒரு கம்பி எப்படிப் போய்ச் சேர்கிறதோ, அப்படியே பிறகு குழாயும் போகும். காருக்கு அடியில் படுத்து அந்தக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சத்தம் கேட்டது. மூன்று அடி, ஒரு தயக்கம். இயர்போனைக் கழற்ற மறந்துவிட்டேன் என்று காதைத் தொட்டேன். காதில் இயர்போன் இல்லை. சத்தம் ரோட்டிலிருந்து வந்தது. அவசரமாக எழுந்ததில் மண்டை காரின் அடியில் இடித்தது. நெற்றியைத் தடவிக்கொண்டே வெளியே வந்து பார்த்தேன். ரோடு காலியாகக் கிடந்தது.

ஒரே சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டால் காது அதையே திருப்பிச் சொல்லும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். மூக்காண்டி அண்ணாச்சி ரோட்டைப் பார்த்தபடி கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எவனோ வண்டியை ஓட விட்டுட்டே நின்னாம்லே" என்றார். "இறங்கி டீ குடிப்பான்னு பாத்தேன். போய்ட்டான் போல."

என்ன வண்டி என்று கேட்டேன். பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது என்றார். டீக்கடைக்கு வந்து டீ குடிக்காமல் போகிறவன் எப்படிப்பட்டவன் என்ற கவலைதான் அவருக்கு. எனக்கு வேறு கவலை. சாம்ராஜ் எங்கே இருக்கிறான் என்று அவரைக் கேட்டேன். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்ல பையன். சீனி தூக்கலாக் கேப்பான்" என்றார். மறுநாள் சர்ச் உபதேசியார் தன் பைக்குக்கு ஓட்டை அடைக்க வந்தார். அவரைக் கேட்டேன். "ஜெபத்துல வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பற்றவைத்த சூடு ஆறுவதற்குள் ஸ்டார்ட் பண்ணிப் போய்விட்டார். வீட்டில் வேல்விழியைக் கேட்டேன். ஊரில் எல்லாத் தகவலும் அவளிடம் உண்டு. தோசையைத் திருப்பிப் போட்டாள். உமக்குக் கொடுத்த வேலையைப் பாரும் என்றாள்.

ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்பது அவ்வளவு கஷ்டமான கேள்வியா?

வேலையைப் பார்க்கவே அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கார் அவ்வளவு தாழ்வானது. கேட்டுக்கு முன்னால் ஏற்றம் இருந்தால் சைலன்சர் பெட்டி உரசும். பெட்டியை எங்கே தொங்கவிடுவது என்று முடிவு பண்ண அந்த ஏற்றத்தை அளக்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். தென்காசிப் பக்கமிருந்து வரும் சாரல் எங்கள் ஊருக்கு வரும்போது தூற்றலாகத் தேய்ந்துவிடும். அன்றைக்கு அப்படித்தான் தூறிக்கொண்டிருந்தது. தெருவில் மண் கறுப்பாக நனைந்திருந்தது.

கேட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு இடம் நனையவில்லை. நீள்சதுரமாக, வெளிறிய மண். மேலே மரம் இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். மரம் இல்லை, கம்பி இல்லை, ஒன்றுமில்லை. என் கண்ணாடியில் தூற்றல் விழுந்ததுதான் மிச்சம். தொழில் புத்தி விடவில்லை. டேப்பை நீட்டினேன். என் பட்டறையில் நிற்கும் காரின் நீளமும் அகலமும் எனக்கு மனப்பாடம். டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். அளக்க வந்த ஏற்றத்தை அளக்கவே இல்லை என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாம்ராஜின் தாயார் ஞானபூரணம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் கடையில் நின்று இரும்புக் கம்பியை எடை போட்ட கை. இப்போது மடியில் சும்மா கிடந்தது. பாதம் ரெண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் இருந்தன. என்னைப் பார்க்கவில்லை, கேட்டைத்தான் பார்த்தார்.

"அவனைத் தாண்டித்தானே வந்தே?" என்றார். "வழி விட்டானா?"

விட்டார் என்றேன். பிறகுதான் யோசித்தேன். நான் கேட்டுக்கு நேராக வரவில்லை. அந்த நனையாத இடத்தில் கால் வைக்காமல், சுவரோரமாக, பக்கவாட்டில் ஒதுங்கித்தான் வந்திருந்தேன். நிற்கும் காரைச் சுற்றி வருவது போல.

பெனிட்டா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சுவரில் சாம்ராஜ் வெள்ளைச் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்கு மாலை இல்லை, சின்ன பல்பும் இல்லை. அவளிடம் நேராகவே கேட்டேன், இந்தச் சத்தம் எதற்கு என்று. கையிலிருந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

அந்தி சாய்ந்தால் அத்தைக்குச் சத்தம் கேட்கும். கார் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மகன் நிறுத்திவிட்டு இறங்கட்டும் என்று அத்தை காத்திருப்பார். அவன் நிறுத்துவதில்லை. விடியும் வரை வண்டி ஓடும், விடியும் வரை அத்தை நாற்காலியில் இருப்பார். படுக்கையில் முதுகு பட்டு மாதக்கணக்காகிறது. கால் வீங்கிவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை. திருநெல்வேலியில் காது டாக்டரைப் பார்த்தார்கள், நரம்பு டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரைக்குத் தூக்கம் வந்தது. அதனாலேயே இப்போது மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடுகிறார். பிள்ளை வெளியே நிற்கும்போது தான் தூங்கக் கூடாதாம். இப்படியே உட்கார்ந்திருந்தால் இதயம் தாங்காது என்று போன வாரம் கையை விரித்துவிட்டார்கள்.

"அதான், அதே வண்டி அதே சத்தத்தோட வந்து நிக்கட்டும்ண்ணே" என்றாள். "நின்னு, நான் ஆஃப் பண்ணணும். அவங்க காதால அது நின்னதைக் கேக்கணும். அப்பமாவது படுப்பாங்கல்லா."

நான் வாழ்க்கையில் எத்தனையோ சைலன்சர் செய்திருக்கிறேன். ஒரு தாய் தூங்குவதற்காகச் செய்ததில்லை. தங்கச்சி, சாம்ராஜ் எங்கே என்று மறுபடி கேட்டேன்.

"கப்பல்ல போனாவ."

கப்பல் இப்போது எங்கே என்றேன்.

"கப்பல் திரும்பி வந்துட்டு" என்றாள் பெனிட்டா. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கப்பல் வந்திருக்கிறது, அவன் வரவில்லை. ஆள் கிடைக்காமல் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லாமல் படத்துக்கு மாலை இல்லை. அந்த ஒரு வார்த்தையை முதலில் சொல்கிறவர்தான் அவனைக் கைவிட்டவர் ஆவார். அதனால் தெருவே அந்த வார்த்தையைச் சுற்றி, சுவரோரமாக ஒதுங்கி நடந்துகொண்டிருந்தது என்று புரிந்தது.

பட்டறைக்கு வந்து கம்பியை எடுத்தேன். முதலில் செய்தது ஒரு புதுக் கார் போல முணுமுணுத்தது. வெட்டி எறிந்தேன். நாலாவது குழாயை இன்னொரு வளைவு கொடுத்து நீட்டினேன், நொண்டல் வந்தது. பெட்டிக்குள் கண்ணாடிப் பஞ்சைக் குறைத்தேன், குரல் கனத்தது. ஆனாலும் வீடியோவோடு சேர்த்துக் கேட்டால், இது ஏதோ மிமிக்ரி போல இருந்தது. எங்கே குறைகிறது என்று தெரியாமல் சாப்பாட்டு நேரத்திலும் இயர்போனோடு இருந்தேன். வேல்விழி என் காதிலிருந்து அதில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கனயோ ஒழுகுதுல்லா. உம்ம வேலை மாதிரியே இருக்கு" என்றாள்.

உண்மை. பழைய வண்டியில் ஏதோ ஒரு இணைப்பில் மெல்லிய ஒழுகல் இருந்திருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு சின்ன 'ச்சு'. சாம்ராஜ் அதைச் சரிசெய்யாமலே ஓட்டியிருக்கிறான். நான் இணைப்பில் கேஸ்கட்டை இறுக்கும் ஒரு போல்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். தெரியாமல் எத்தனையோ ஒழுகல் விட்டிருக்கிறேன். தெரிந்தே விட்டது அது ஒன்றுதான். ஸ்டார்ட் பண்ணினேன். டீக்கடையிலிருந்து மூக்காண்டி அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். டிரைவர் சீட்டில் நான் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. கடைக்குத் திரும்பிப் போனார். சரி, சத்தம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு பண்ணினோம். மற்ற நாள்களில் அந்தத் தெருவைச் சுற்றித் தறி ஓடும். ஞாயிறு தறி ஓடாது, சத்தம் சுத்தமாகக் கேட்கும். பெனிட்டா என் பட்டறையிலிருந்து ஓட்டி வருவாள். நான் வீட்டு முகப்பில் ஞானபூரணம் அம்மாளோடு இருந்து, கேட்கிற இடத்தில் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பேன். ஏதாவது பிசகினால் கையைத் தூக்கிக் காட்டுவேன், அவள் நிற்காமல் போய்விடுவாள். திட்டம் அவ்வளவுதான்.

முகப்புப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் நாற்காலியில் ஞானபூரணம் அம்மாள். தெரு அடங்கியிருந்தது. சர்ச்சில் மாலை ஆராதனை முடிந்து நாலைந்து பேர் பேசிக்கொண்டே போனார்கள். அவர்களும் கேட்டுக்கு நேரே வந்ததும் ஒதுங்கித்தான் போனார்கள், பேச்சு நிற்காமல், யோசிக்காமல்.

வெளிச்சம் மங்கியது.

"வந்துட்டான்" என்றார் அம்மாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. தெருமுனையில் பெனிட்டா திரும்புவது தெரிந்தது, விளக்கு வெளிச்சம் சுவரில் வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று அடி, ஒரு தயக்கம், அந்தச் சின்ன ஒழுகல். நான் செய்த சத்தம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. கையைத் தூக்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தேன்.

கார் நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது. ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. அலை வந்து போவது மாதிரி. பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பஸ் ஓடிக்கொண்டு நின்றால் இப்படிக் கேட்கும். ரெண்டு எஞ்சின் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்போது ஒன்றின் அடி இன்னொன்றின் மேல் விழுந்து, விலகி, மறுபடி விழும். ஒரு எஞ்சினால் அப்படிச் செய்ய முடியாது. எந்தக் குழாயை எப்படி வளைத்தாலும் முடியாது. இந்தத் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

தெருவில் இருந்தது ஒரே ஒரு கார்.

கையைத் தூக்கலாமா என்று பார்த்தேன். கை வரவில்லை. பெனிட்டாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மிக மெதுவாக, நெருக்கடியான இடத்தில் வண்டியை நுழைப்பவள் போல, அந்த இடத்துக்குள் காரைக் கொண்டுவந்தாள். ஏற்ற இறக்கம் தணிந்தது. அலையின் நீளம் கூடிக்கொண்டே போனது. பின் அலையே இல்லை. ஒரே சத்தம், ஒரே அடி, மூன்றும் ஒரு தயக்கமும். கேட்டின் தாழ்ப்பாள் அதற்கு ஏற்றபடி மெல்ல அதிர்ந்தது.

பெனிட்டா சாவியைத் திருகினாள்.

எஞ்சின் நின்றது. சூடான குழாய் ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது. அந்தத் தெருவில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. பெனிட்டா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஞானபூரணம் அம்மாள் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தார். அவர் பார்வை இப்போது கேட்டில் இல்லை. கேட்டுக்கும் எனக்கும் நடுவில் இருந்த வெறும் தரையில், மெல்ல மெல்ல, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஊரெல்லாம் கேட்டுச் சலித்ததைத்தான் கேட்டேன்.

"அம்மா, சாம்ராஜ் எங்கே?"

"செத்துட்டான்யா" என்றார். குரலில் நடுக்கமே இல்லை. "கடல்ல விழுந்த அன்னைக்கே செத்துட்டான். இம்புட்டு நாளும் வண்டியை விட்டு இறங்காம இருந்தான். இப்பத்தான் இறங்கி வீட்டுக்குள்ள வாரான். உன் காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ, அவனுக்கு வழி வேணும்லா."